புயல் பருவம்: ஜெனரேட்டர் வைத்திருப்போர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். அட்லாண்டிக் ஹரிகேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. முதலில் வரும் ஹரிகேன் கண்காணிப்பு அறிவிப்புக்கும் பலத்த காற்றுக்கும் இடையே சுமார் 48 மணி நேரம்தான். ஜன்னலுக்குப் பலகை அடிப்பதை அப்போதே முடித்துவிடுங்கள். காற்று தொடங்கியபின் ஏணியில் ஏற முடியாது. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர்.

பெரிய கவலை ஜெனரேட்டர்தான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கட்டடத்திலிருந்து 6 மீட்டருக்கு அப்பால், புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். கதவைத் திறந்துவைத்த கராஜ்கூட ஆபத்துதான். சூடு ஆறாமல் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஜெனரேட்டரை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகினால் மின்சாரம் தெருக்கம்பிக்குப் பாய்ந்து லைன்மேனைக் கொல்லும். தெரு மின்சாரத்தையும் ஜெனரேட்டரையும் ஒன்றுசேராமல் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம்.

ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்போர் விவரத்தைத் தனிச்செய்தியில் இந்த வாரமே அனுப்புங்கள்.