பிளேட்டோவை வெளியே நிறுத்திவிட்டு நிசேயாவை நடத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய இறையியல் பேராசிரியர்களுக்கு,

நம் வகுப்புகள் பலவற்றில் திரித்துவப் பாடம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கொள்கையின் பாடம், திருமறை வசனங்களில் கிளம்பி, 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் சற்று நின்று, 381-இல் கான்ஸ்டான்டினோப்பிள் சங்கத்தில் முடிந்துவிடுகிறது. கிரேக்க மெய்யியலைப் பற்றி யாராவது கேட்டால், கொலோசெயர் நிருபத்தின் 'லௌகிக ஞானம்' வசனத்தைக் காட்டி வாயை அடைத்துவிடுகிறோம். அப்படிப் படித்துவிட்டு ஊழியத்துக்குப் போகிறவரிடம் ஒருவர், "திரித்துவம் பிளேட்டோவிடம் திருடியதுதானே?" என்று கேட்டால் அவர் திருதிருவென விழிக்காமல் என்ன செய்வார்?

பதில் அந்த மெய்யியலுக்குள்ளேயே கிடக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் பிளேட்டோவின் வழிவந்த மெய்யியலாளர் புளோட்டினஸ், எல்லாவற்றுக்கும் மூலமாக ஒருமை, அறிவு, ஆன்மா என்று மூன்றைச் சொன்னார். மூன்று என்ற எண்ணைப் பார்த்ததும் சிலர் துள்ளிக் குதிக்கிறார்கள். ஆனால் அவை படிப்படியாகக் கீழிறங்குபவை. இரண்டாவது முதலாவதுக்குச் சமமாகாது. இந்த ஏற்றத்தாழ்வு யாருக்கு ஒத்துப்போகும்? 'குமாரன் இல்லாதிருந்த காலம் உண்டு' என்று போதித்த குரு ஆரியஸின் கட்சிக்குத்தான். நிசேயா அதை மறுத்தது. வேடிக்கை என்னவென்றால், மறுக்கக் கையிலெடுத்த 'ஹோமோஊசியோஸ்' ('ஒரே சாரமுடையவர்') என்ற சொல்லும் கிரேக்கச் சரக்கே, வேதத்தில் இல்லாதது. 268-இல் அந்தியோகியாவில் கூடிய பேராயர்கள் அதே சொல்லைத் தள்ளினார்கள் என்ற சங்கடத்துக்கு, நிசேயாவுக்காகப் போராடிய பேராயர் அத்தனாசியுவே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்று. நிசேயா விசுவாச அறிக்கையின் இறுதியில் மாற்றுப் போதனையைச் சபிக்கும் பகுதியில் 'ஊசியா' (சாரம்), 'ஹைப்போஸ்டாசிஸ்' (பின்னாளில் 'ஆள்' என்ற பொருள் பெற்றது) இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளில் நிற்கின்றன. பசிலி, நசியான்சு கிரகோரி முதலிய, நான்காம் நூற்றாண்டின் கப்பதோக்கியப் பிதாக்கள் அவற்றைப் பிரித்து, ஒரே ஊசியா, மூன்று ஹைப்போஸ்டாசிஸ் என்று நிலைநாட்டினார்கள். அந்தப் பயிற்சி அவர்களுக்கு வானத்திலிருந்து விழவில்லை. பசிலியும் நசியான்சு கிரகோரியும் ஏதென்ஸில் படித்தவர்கள். தங்களுக்கு அங்கே இரண்டு வழிகள்தான் தெரியும், ஒன்று ஆலயத்துக்கு, மற்றது ஆசிரியர்களிடம் என்று கிரகோரி பின்னாளில் நினைவுகூர்கிறார். ஆலயத்துக்கே முதலிடம் என்றாலும் மற்ற வழியை அவர் மறைக்கவில்லை.

அதே ஏதென்ஸில் படித்த ஜூலியன் பேரரசனானதும் 362-இல், கிரேக்க இலக்கியத்தைக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் கற்பிக்கக் கூடாது என்று தடுத்தான். கிரேக்க மொழி என்ன உன் சொத்தா என்ற தோரணையில் கிரகோரி கொதித்தெழுந்தார். சபையின் எதிரி செய்ய நினைத்ததை நாம் பக்தியின் பேரில் செய்துகொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது, புளோட்டினஸின் 'எனியாட்கள்' தொகுப்பில் ஐந்தாம் எனியாடின் முதல் பகுதியையும், பசிலியின் 'பரிசுத்த ஆவியைக் குறித்து' நூலின் ஒன்பதாம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். பசிலியின் வரிகளில் புளோட்டினஸின் சாயல் தெரிவதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்வியும் கட்டாயமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். அது உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
முன்னாள் இறையியல் மாணவன்