திரும்பி வருகிறவர்களுக்குச் சமைக்கும் கடைகள்

பாரிஸ்,
மார்ச் 14

அன்பின் நண்பா,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நீ ஓய்வு பெற்றுவிட்டாய் என்பதையும், ஜூன் மாத முற்பகுதியில் மச்சாளையும் கூட்டிக்கொண்டு பாரிஸ், ரோம், லிஸ்பன் ஆகிய மூன்று நகரங்களுக்கும் வருகிறாய் என்பதையும் வாசித்தபோது, இத்தனை ஆண்டுகளாகக் கடிதத்திலும் தொலைபேசியிலும் கழிந்த நம் பேச்சு இனி ஒரே மேசையில் நடக்கப்போகிறது என்று மனம் நிறைந்துபோனது. என் முழங்காலில் செய்த சத்திரசிகிச்சை நன்றாக ஆறிவிட்டது. உன்னோடு நடந்து திரிய ஒரு தடையும் இருக்காது. பார்க்கவேண்டிய இடங்களை மகள் ஒழுங்கு செய்துவிட்டாள் என்றும், எங்கே சாப்பிடுவது, அந்தந்த ஊரின் உண்மையான சாப்பாட்டை ஏமாறாமல் சாப்பிடுவது எப்படி என்பதை மட்டும் என்னிடம் கேட்பதாகவும் எழுதியிருந்தாய். 27 ஆண்டுகள் இந்த நகரத்துக் குசினிகளில் நின்றவன் என்பதால் இதற்கு என்னால் பொறுப்போடு பதில் சொல்ல முடியும். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இங்கு முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த உணவகம், உலகமெங்கும் இருந்து மக்கள் வந்து பார்க்கும் ஓர் இடத்துக்கு மிக அருகில் இருந்தது. வாசலில் ஆறு மொழிகளில் உணவுப்பட்டியல், ஒவ்வொரு உணவுக்கும் வண்ணப்படம், போவோர் வருவோரைக் கூப்பிட்டு உள்ளே இருத்துவதற்கென்று ஓர் ஆள். பட்டியலில் அறுபதுக்கு மேற்பட்ட உணவுகள் இருந்தன. சமைப்பதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். மிச்ச வேலையை நிலவறையில் இருந்த பெரிய பிரீஸர் பார்த்துக்கொண்டது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் சமைத்து, காற்றை உறிஞ்சிப் பொதி செய்து அனுப்பிய இறைச்சிக் குழம்பைப் பொதியோடு வெந்நீரில் போட்டு எடுத்து, கத்தரிக்கோலால் ஒரு மூலையை வெட்டித் தட்டில் ஊற்றி, மேலே இரண்டு இலையைத் தூவி அனுப்புவதுதான் என் வேலை. தூரதேசத்திலிருந்து வந்த ஒரு முதிய தம்பதியர் அதைச் சாப்பிட்டுவிட்டு, இதுதான் பிரெஞ்சுச் சமையல் என்று நம்பி எழுந்து போவதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்து நின்ற நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் மறுபடி வரப்போவதில்லை என்பது முதலாளிக்குத் தெரியும்; நாளைக்கு வேறு ஆட்கள் வருவார்கள். அந்தக் கடை முழுவதும் அந்த ஒரு கணக்கின் மீதுதான் நின்றது.

பிறகு 11-ஆம் வட்டாரத்தில் பிஸ்ட்ரோ எனப்படும் ஒரு சிறிய, எளிய உணவகத்தில் சேர்ந்தேன். தொழிலை அங்கேதான் கற்றேன். சுவரில் ஒரு கரும்பலகை தொங்கும். அன்று காலை சந்தையிலிருந்து வந்ததைப் பார்த்து முதலாளியம்மா அதில் வெண்கட்டியால் மூன்று முன்னுணவு, மூன்று பிரதான உணவு, இரண்டு இனிப்பு என்று எழுதுவார். செவ்வாய்க்கிழமைகளில் பிளாங்கெத் என்னும் கன்றிறைச்சிக் குழம்பு இருக்கும். வெண்ணெயில் மாவைக் கிளறி, இறைச்சி வெந்த நீரை விட்டு, கடைசியில் பாலாடையும் முட்டை மஞ்சட்கருவும் சேர்த்து இறக்கும் அந்தக் குழம்பு வெள்ளையாகவே இருக்கவேண்டும். மாவு சற்றுச் சிவந்தாலும் அது வேறு சாப்பாடாகிவிடும். மனைவியை இழந்த ஒரு முதியவர் செவ்வாய்தோறும் அதற்காகவே வருவார். ஒருநாள் நான் மாவைக் கூடுதலாக வறுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை, பாதியை மிச்சம் வைத்துவிட்டு, குசினிக்குப் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டனுப்பினார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வந்து அதே மூலையில் உட்கார்ந்தபோது எனக்குக் கை நடுங்கியது. அன்று தட்டு வழித்துத் துடைத்தபடி திரும்பி வந்தது. ஒரு கடையை ஒழுங்காக வைத்திருப்பவர்கள் இப்படி மறுபடி மறுபடி வருகிற ஆட்கள்தான். ஆகவே நீ ஒரு கடை வாசலில் நிற்கும்போது பட்டியலை வாசிப்பதற்கு முன்னால், உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், நாளைக்கும் வரக்கூடியவர்களா என்று எட்டிப் பார்.

பாரிஸில் அப்படிப் பார்ப்பதற்கு ஏற்ற நேரம் மத்தியானம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில். பக்கத்து அலுவலகத்தாரும் கட்டட வேலைக்காரரும் ‘ப்ளா த்யூ ஜூர்’ எனப்படும் அன்றைய சாப்பாட்டுக்கு அப்போதுதான் வருவார்கள். முன்னுணவோ இனிப்போ சேர்த்து ஒரே விலைக்குத் தருவதை ‘ஃபோர்முல்’ என்பார்கள். இரவில் அதே சாப்பாட்டுக்குக் கூடக் கொடுக்கவேண்டி வரும். இரண்டு, இரண்டரைக்குப் பிறகு பெரும்பாலான சிறிய கடைகளின் குசினி மூடிவிடும், மாலை ஏழு மணி வரை திறக்காது. தண்ணீர் கேட்கும்போது ‘கராஃப் தோ’ என்று சொன்னால் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொண்டுவந்து வைப்பார்கள்; வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் போத்தல் வந்து கணக்கில் ஏறிவிடும். சாப்பாட்டோடு வரும் பாணுக்கும் காசில்லை. பரிமாறும் கூலி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, ஆகையால் மேலதிகமாக வைக்காவிட்டால் யாரும் குறை நினைக்கமாட்டார்கள். 2014 முதல் ‘ஃபே மெஸோன்’ என்று ஓர் அடையாளம் சட்டப்படி இருக்கிறது: சட்டிக்கு மூடியாக வீட்டுக் கூரை வைத்ததுபோன்ற சிறு படம். சமைக்காத மூலப்பொருளிலிருந்து அந்தக் குசினியிலேயே செய்தது என்று அதற்குப் பொருள். படம் இல்லாத கடை எல்லாம் கூடாத கடை என்று நினைத்துவிடாதே. நாங்கள் அதை ஒட்டியதே இல்லை.

‘பூயோன்’ என்னும் வகைக் கடை ஒன்றுக்கும் உன்னைக் கூட்டிப்போவேன். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் த்யுவால் என்ற இறைச்சி வியாபாரி சந்தைத் தொழிலாளருக்கு இறைச்சியும் அதன் சாறும் மலிவாகக் கொடுக்கத் தொடங்கிய முறை அது. 1896-இல் திறந்த ஷார்த்தியே என்ற பூயோனில் பரிமாறுபவர் மேசையில் விரித்த தாளின்மேலேயே கணக்கை எழுதிக் கூட்டுவதை நீ பார்க்கலாம். இப்போது அங்கே பயணிகளும் வரிசையில் நிற்கிறார்கள் என்றாலும் விலையில் பழைய எண்ணத்தை விட்டுவிடவில்லை என்பதற்காக எனக்கு அந்த இடத்தின்மீது மரியாதை.

அந்த நாட்டவரே சமைத்தால்தானே அசல் என்று நீ நினைக்கலாம். ஊரிலிருந்து வருகிற பலர் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். பாரிஸின் எத்தனையோ பிஸ்ட்ரோக்களில் திரைக்குப் பின்னால் நிற்பவர்கள் நம் பிள்ளைகள். மாலியிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களும் அங்கே நிற்கிறார்கள். இங்கே 1993-ஆம் ஆண்டின் அரச ஆணைப்படி ‘திராதிஸியோன்’ என்று விற்கும் பகெத் என்னும் நீண்ட பாணை மாவு, நீர், உப்பு, புளிப்பு ஆகியவற்றைக் கொண்டு, உறைய வைக்காமல் செய்யவேண்டும். பாரிஸ் நகரசபை ஆண்டுதோறும் நடத்தும் சிறந்த பகெத் போட்டியில் 2023-இல் முதலிடம் பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. வெற்றி பெற்றவர் ஓராண்டுக்கு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் பாண் கொடுக்கவேண்டும் என்பது வழக்கம். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் குசினியில் நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். ஒரு சாப்பாட்டின் அசல்தன்மை, அதைச் செய்யக் கற்றுக்கொண்டவரின் கவனத்திலும், அதைத் தெரிந்து சாப்பிடுகிறவரின் நாக்கிலும் இருக்கிறது என்பதை நான் என் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறேன்.

ரோமில் நானே ஒருமுறை ஏமாந்தேன். புகழ்பெற்ற நீரூற்று ஒன்றுக்கு அருகே, களைப்பில் கண்ணில் பட்ட கடைக்குள் போய், பட்டியலில் விலை குறைவாகத் தெரிந்த சுட்ட மீனைக் கேட்டேன். விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று சிறிதாக எழுதியிருந்தது. எத்தோ என்றால் 100 கிராம். வந்த மீன் எட்டு எத்தோவுக்கு மேல் இருந்தது. கணக்கு வந்தபோது என் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மீனை எடையில் விற்கும் இடத்தில் சமைப்பதற்கு முன்னமே நிறுத்துக் காட்டச் சொல்லி விலையைக் கேட்டுக்கொள்.

நீ ரோமில் தவறாமல் போகவேண்டிய பகுதி டெஸ்டாச்சோ. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நகரத்தின் பெரிய இறைச்சி அறுக்கும் தொழுவத்தைக் கட்டினார்கள். அது 1975 வரை இயங்கியது. அறுத்த மாட்டை நான்கு கால்பங்காக வெட்டி வசதியுள்ளவர்களுக்கு அனுப்பிய பிறகு மிஞ்சும் குடல், ஈரல், நாக்கு, வால் ஆகியவற்றைத் தொழிலாளர்கள் கூலியின் ஒரு பகுதியாகப் பெற்றார்கள். அதை ‘ஐந்தாவது கால்பங்கு’ என்கிறார்கள். தொழுவத்தைச் சுற்றியிருந்த சிறு கடைகள் அதைக்கொண்டே சமைக்கக் கற்றன. தக்காளியும் செலரித் தண்டும் சேர்த்து மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகும் மாட்டுவால் குழம்பு அப்படித்தான் பிறந்தது. எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்று விழும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் பகுதிக்குப் பெயரைக் கொடுத்த குன்று, பண்டைக் காலத்தில் எண்ணெய் கொண்டுவந்த மண்சாடிகளை உடைத்துக் குவித்ததால் உருவானது. ஏறக்குறைய 35 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தைக் குடைந்து கட்டிய சில உணவகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஓட்டுச் சில்லுகள் அடுக்கடுக்காகத் தெரியும்.

ரோமில் பழைய கடைகள் கிழமை பார்த்துச் சமைக்கும். வியாழக்கிழமை உருளைக்கிழங்கு மாவில் உருட்டிய நியோக்கி, வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்த்து மீன், சனிக்கிழமை புதினாவோடு சேர்த்த குடல். வெள்ளிக்கிழமைகளில் நம் வீட்டு அடுப்பில் மச்சம் ஏறாதிருந்ததை அங்கே உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன். வாசலில் இந்தக் கிழமைக் கணக்கு எழுதியிருந்தால் நம்பி உள்ளே போ. கார்பொனாரா என்னும் பாஸ்தாவில் பாலாடை ஊற்றுகிற கடையை விட்டு எழுந்து வந்துவிடு. முட்டை, பெக்கொரீனோ பாற்கட்டி, மிளகு, பன்றிக் கன்னத்துக் கொழுப்பு, அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. கோப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

மச்சாள் சைவம் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். பாற்கட்டியும் மிளகும் மட்டும் சேர்ந்த பாஸ்தாவான ‘காச்சோ எ பெப்பே’யைச் சைவம் என்றுதான் சொல்வார்கள், ஆனால் பெக்கொரீனோ ரொமானோவை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். அது அவருக்குச் சம்மதமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள். யூதர் குடியிருப்பில் எண்ணெயில் பூப்போல விரியப் பொரிக்கும் ஆர்ட்டிசோக் அவருக்கு மிகவும் பிடித்திருக்கும், ஆனால் அதன் பருவம் வசந்தத்தோடு முடிந்துவிடும். ஜூனில் கிடைப்பது பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வந்த காயாகத்தான் இருக்கும்.

லிஸ்பனில் உனக்குப் பாதி மொழி முன்னமே தெரியும். ‘தாஷ்கா’ எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடையில் நீ உட்காரும் மேசை அங்கே ‘மேசா’, சமைக்கும் குசினி ‘கொசீன்யா’, கையில் எடுக்கும் பாண் ‘பாவோ’, ‘கால்து வேர்த்’ என்னும் பச்சைச் சூப்பில் நுணுக்கி அரிந்து போட்டிருக்கும் கோவா ‘கோவ்’. போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுவிட்டுப் போன சொற்களை, அவை புறப்பட்ட வீட்டிலேயே கேட்டபோது எனக்கு இன்னதென்று சொல்லமுடியாத ஓர் உணர்ச்சி வந்தது. உட்கார்ந்தவுடன் கேளாமலே பாணும் ஒலிவும் பாற்கட்டியும் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் இல்லை. வேண்டாம் என்றால் எடுத்துப்போகச் சொல். நீ கேளாததற்கும் தொடாததற்கும் காசு வாங்கக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ‘மேயா தோஸ்’ என்று கேட்டால் அரைப்பங்கு வரும், அதுவே ஒருவருக்குப் போதும். பட்டியல் கையால் எழுதிய ஒற்றைத் தாளாக ஜன்னலில் ஒட்டியிருக்கும் கடையைத் தேடு. முடிந்தால் ஜூன் 12 இரவு அங்கே இரு. அது புனித அந்தோனியாரின் திருநாளுக்கு முந்திய இரவு. அல்ஃபாமா என்னும் பழைய பகுதியின் ஒடுங்கிய தெருக்களில் வீட்டு வாசல்களிலேயே கரி அடுப்பு வைத்து, நம் சூடை மீனின் இனத்தைச் சேர்ந்த சாளையைச் சுட்டு, ஒரு பாண் துண்டின்மேல் வைத்துத் தருவார்கள். மீனைச் சாப்பிட்டு முடித்தபின் அதன் நெய் ஊறிய பாணைக் கடைசியாகச் சாப்பிடு.

நீ புறப்படும் திகதி உறுதியானதும் எனக்கு எழுது. ரோமில் ஒரு வியாழக்கிழமையாவது தங்கும்படி பார்த்துக்கொள். பாரிஸுக்கு வரும் வாரத்தில் செவ்வாய்க்கிழமையை எனக்காக ஒதுக்கி வை. பழைய பிஸ்ட்ரோவில் இப்போது என்னிடம் வேலை பழகிய தம்பிதான் அடுப்படியில் நிற்கிறான், மச்சாளுக்குக் காய்கறியில் தனியாக ஒன்று செய்து தரச்சொல்லி அந்த மூலை மேசையை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்