செலினியம் பற்றி எழுதினால் அளவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடம்புக்கு மிகக் கொஞ்சமே தேவைப்படும் தாதுச்சத்தான செலினியத்தை மாத்திரையாகச் சாப்பிட்டால் முதுமை தள்ளிப்போகும் என்ற பேச்சு எங்கள் பெரம்பூர் பூங்காவில் காலையில் நடக்க வருகிறவர்கள் வரைக்கும் வந்துவிட்டது. கூடவே புரூஸ் ஏம்ஸ் என்ற அமெரிக்க உயிர்வேதியியல் விஞ்ஞானியின் பெயரையும் சொல்கிறார்கள். பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் எடுத்தவள் நான். ஏம்ஸ் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

2024-ல் 95 வயதில் காலமான ஏம்ஸ், 2006-ல் ஒரு கருத்தைச் சொன்னார். மாசக் கடைசியில் கையில் காசு குறைந்தால் அரிசி, பால் வாங்கிவிட்டு, ஒழுகுகிற மாடித் தளத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடுகிறோம் இல்லையா, உடம்பும் அப்படித்தான் செய்கிறது என்றார். நுண்சத்து போதாதபோது இன்றைக்கு உயிர் வாழத் தேவையான புரதங்களுக்கு முதலில் கொடுக்கும், வயதான காலத்தில் நம்மைக் காக்க வேண்டிய புரதங்களைப் பட்டினி போடும். 2011-ல் அவரும் அவருடைய சக ஆய்வாளர் ஜாய்ஸ் மெக்கானும் செலினியத்தை வைத்தே இதை அலசினார்கள். மனித உடலில் செலினியம் சேர்ந்த புரதங்கள் 25 வகை. குறைபாடு வந்தால் அவற்றில் ஜிபிஎக்ஸ்-1 என்ற புரதம் சீக்கிரம் குறைந்துவிடும், ஆனால் அது இல்லாமலும் எலி உயிர் வாழும். ஜிபிஎக்ஸ்-4 என்ற இன்னொரு புரதம் இல்லாத எலியோ கருவிலேயே இறந்துவிடும், அதை உடம்பு கடைசி வரை விட்டுக்கொடுப்பதில்லை. எவ்வளவு அழகான சிந்தனை!

ஆனால் இதெல்லாம் குறைபாடு உள்ளவருக்கு. போதுமான அளவு இருப்பவர் இன்னும் இன்னும் சாப்பிட்டால் இளமை வரும் என்று இதற்கு அர்த்தமில்லை.

அம்பத்தூரில் இருக்கும் என் அண்ணன், வயது 68, முடி உதிராமலிருக்க என்று யாரோ சொல்லி தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் மாத்திரை போட்டுக்கொண்டார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பிரேசில் நட் வேறு தினம் ஐந்து. ஆறு முதல் எட்டு நட்டிலேயே 544 மைக்ரோகிராம் செலினியம் இருக்கலாம், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான்கைந்து மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, நகம் வெடித்தது, பூண்டே சாப்பிடாத நாளிலும் மூச்சில் பூண்டு வாசனை. வீட்டில் எல்லோரும் பயந்துபோனோம். தோல் மருத்துவர்தான் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, செலினியம் மிஞ்சியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். விற்ற மருந்துக் கடையில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நமக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் அளவு ஒரு நாளைக்கு வெறும் 40 மைக்ரோகிராம்தான், அமெரிக்காவில் 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள்.

இது அண்ணன் ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை. 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து பானத்தில் குறிப்பிட்டதைப் போல 200 மடங்கு செலினியம் தவறுதலாகச் சேர்ந்து 201 பேர் பாதிக்கப்பட்டார்கள், அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும். நம் பஞ்சாபிலும் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் மண்ணிலேயே செலினியம் அதிகமுள்ள ஊர்களில் முடியும் நகமும் கெடுவதைப் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் கெஷான் நோய் என்ற இதய நோய் பரவிய பகுதிகளில் நேர்மாறாக, செலினியம் பற்றாமல் குழந்தைகளுக்கு இதயமே பலவீனமானது, அங்கே மாத்திரை உயிரைக் காப்பாற்றியது. சரி, புற்றுநோயைத் தடுக்குமா? 35,533 ஆண்களை வைத்து நடந்த செலக்ட் (SELECT) என்ற பெரிய ஆய்வில் 200 மைக்ரோகிராம் கொடுத்தும் புராஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை, 2008-ல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வேறொரு ஆய்வில் செலினியம் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வந்ததாக 2007-ல் தெரிந்தது. வீட்டுக்கு வீடு சர்க்கரை இருக்கிற சென்னையில் இதையும் சொல்ல வேண்டாமா?

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான். செலினியம், துத்தநாகம் என்று எந்த நுண்சத்தைப் பற்றி எழுதினாலும், தினசரி எவ்வளவு போதும், எதைத் தாண்டக் கூடாது என்ற இரண்டு எண்களையும் கூடவே அச்சிடுங்கள். அப்புறம், மத்தி மீன், சூரை, முட்டையில் இது இருக்கிறது என்பதையும் ஒரு வரி போடுங்கள். அண்ணனுக்கு இப்போதுதான் நகம் அடியிலிருந்து புதிதாக வளர ஆரம்பித்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.