இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குச் சில செய்திகள்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் இந்த வாரத்தோடு முடிகிறது. தேர்வுகள் நல்லபடியாக நடந்தன. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டன. ஓவியம், பேச்சு, வினாடி வினா ஆகிய போட்டிகளில் பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வாழ்த்துகள். நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. விடைத்தாள்களில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் மன்றத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருவத் தொடக்கத்தில் எல்இடியை நேராக 5 வோல்ட்டில் செருகிக் கருக்கிய பிள்ளைகள், இப்போது மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 220 ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். மண் காய்ந்தால் தொட்டிச் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் பம்பு ஒன்றைச் செய்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை ஒலியால் அளக்கும் கருவியும் தயாரானது. ஒலி போய்த் திரும்புவதால் கிடைக்கும் தூரத்தை இரண்டால் வகுக்க வேண்டும் என்பதைக் குழு மறந்துவிட்டது. அதனால் நம் பள்ளித் தொட்டி ஒரு வாரம் இரு மடங்கு ஆழமாக இருந்தது. எனக்கு இந்த மன்றத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் இனி வருவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு புத்தகப் பையிலிருந்து புகை வந்தது. வகுப்பாசிரியர் பிள்ளைகளை உடனே வெளியே அனுப்பிவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை; இரண்டு நோட்டுகள் கருகின, அவ்வளவுதான். உள்ளே இருந்தவை பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த இரண்டு செல்கள். அவற்றோடு ஒரு காம்பஸும் கிடந்தது. அந்த இரும்பு முனை செல்லின் இரு முனைகளையும் தொட்டு ஷார்ட் ஆகிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளை என்று தயவுசெய்து தேட வேண்டாம். மறுநாள் மன்றத்துப் பிள்ளைகளின் பைகளைப் பார்த்தபோது இன்னும் பதினொரு செல்கள் கிடைத்தன.

இந்த லித்தியம் செல்களை 18650 என்பார்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். பார்ப்பதற்கு டார்ச் லைட் பேட்டரி போலவே இருக்கும், குழப்பமே அங்கேதான். சாதாரண ஏஏ செல் 1.5 வோல்ட், ஷார்ட் ஆனால் பெரும்பாலும் சூடாகித் தீர்ந்துபோகும். லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும், ஒரே நேரத்தில் பல பத்து ஆம்பியரைக் கொட்டும். அதற்குள் இருக்கும் திரவம் தீப்பற்றக்கூடியது. ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும். பிறகு ஸ்விட்சை அணைத்து நிறுத்த வழியில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: இந்தச் செல்லின் உலோக உடல் முழுவதும் நெகட்டிவ் முனைதான், பாசிட்டிவ் முனையின் விளிம்பு வரைக்கும். நடுவே காப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. பைக்குள் உரசி உரசி அது கிழிய எத்தனை நாள் ஆகும்?

லேப்டாப்புக்குள் இருக்கும்வரை ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்க ஒரு சர்க்யூட் இருந்தது. பிரித்து எடுத்த செல்லுக்கு அது பெரும்பாலும் கிடையாது. அதோடு, பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டதே அது கெட்டுப்போனதால்தானே. அடிவரை தீர்ந்துபோய்க் கிடந்த செல்லை மீண்டும் சார்ஜ் ஏற்றுவது இன்னும் ஆபத்து. இரவில் படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியதாக இரண்டு பிள்ளைகள் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏன் இந்தச் செல்களைப் பிரித்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. கருவியைப் பவர் பேங்கில் இணைத்தால் சிறிது நேரத்தில் அது தானாக அணைந்துவிடுகிறதாம். பிள்ளைகளின் கருவி எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவுமே இணைக்கப்படவில்லை என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. அதனால் சிலர் பவர் பேங்கையே உடைத்துச் செல்லை எடுத்திருக்கிறார்கள். இதற்கு எளிய வழி மூன்று ஏஏ செல் போடும் ஹோல்டர். 4.5 வோல்ட் கிடைக்கும், நம் மன்றத்தின் போர்டுகளுக்கு அது போதும்.

சரி, இப்போது ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவம் முதல் தனி லித்தியம் செல்களோ, பிரித்த பவர் பேங்குகளோ, வீங்கிய போன் பேட்டரிகளோ பள்ளி வளாகத்துக்குள் வரக்கூடாது. வந்தால் அன்றே பெற்றோரை வரவழைத்து நேரில் ஒப்படைப்போம். அந்த மாணவர் அந்தப் பருவம் முழுவதும் மன்றத்தில் இருக்க முடியாது. சுவர் பிளக்கில் நேரடியாக இணைக்கும் எந்தத் திட்டமும், பெற்றோரே உதவிச் செய்ததாக இருந்தாலும், மன்றத்தில் ஏற்கப்படாது. இதில் விதிவிலக்கு இல்லை. "வீடியோவில் பார்த்துச் சரியாகத்தான் செய்தான்" என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். அந்த வீடியோவில் புத்தகப் பையும் காம்பஸும் இருந்திருக்காது.

விடுமுறையில் மேசை இழுப்பறைகளை ஒருமுறை பாருங்கள். இத்தகைய செல்கள் இருந்தால் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல் தனியே வையுங்கள். வீங்கியதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் செய்யவோ வேண்டாம். வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பள்ளிக்கு அனுப்பி வைக்கட்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம்.

மன்றத்தை மூடிவிடுவோமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். மூட மாட்டோம். நானும் அந்த வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தவன்தான். பழைய கீபோர்டுகளையும் மல்டிமீட்டரையும் கொடுத்த பெற்றோருக்கு மிக்க நன்றி. சனிக்கிழமைகளில் வந்து சால்டரிங் சொல்லிக்கொடுத்து, ஈயம் பட்ட கையைக் கழுவாமல் யாரையும் சாப்பிட விடாத அந்த அம்மாவுக்குத் தனியாக நன்றி. பைகளைச் சோதித்தபோது கோபப்படாமல் ஒத்துழைத்த எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இத்துடன் உள்ள ஒப்புகைச் சீட்டைப் பள்ளி திறக்கும் நாளில் கொடுத்து அனுப்புங்கள்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: சீட்டில் பெற்றோரே கையெழுத்திடுங்கள். சென்ற முறை மூன்று வீட்டுக் கையெழுத்துகள் ஒரே கையில் இருந்தன.