சின்ன காரைத் தூக்கிவிடாதீர்கள்

சனிக்கிழமை கார்ப் பந்தய சிமுலேட்டர் லீக் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த சீசனில் அபார்த் 500 என்கிற சின்ன காரை எடுத்துவிட்டு, முதல் வாரமே எல்லாரையும் ஜிடி3 என்கிற வேகமான பந்தயக் காரில் உட்கார வைக்கப் போவதாக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். அங்கே பதில் எழுதினால் நடுவில் பத்து ஸ்டிக்கர் வந்து விழும். அதனால்தான் இந்த மடல்.

என்னைத் தெரியும் உங்களுக்கு. அல்சூரிலிருந்து வருகிற, எப்போதும் மூன்றாம் சீட்டையே கேட்கிற, நாற்பதைத் தாண்டிய ஆள். சில்க் போர்டு நெரிசலில் க்ளட்சை மிதித்தே இடது கால் ஓய்ந்தவன்.

முதல் நாள் என்னையும் அசெட்டோ கோர்சா என்கிற பந்தய விளையாட்டில் அந்தச் சின்ன காரைக் கொடுத்துத்தான் மஜியோனே தடத்தில் இறக்கிவிட்டீர்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்பு. தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிற மாதிரி ஒரு வண்டியை ஓட்டவா காசு கொடுத்து வந்தோம் என்று. மூன்றாவது சுற்றில் ஒரு வளைவுக்குள் வேகம் கூடிப்போனதாகத் தோன்றியது. பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். அவ்வளவுதான், பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. வந்த வழியைப் பார்த்தபடி நின்றேன். முன் சக்கர இழுவைக் கார் சுற்றாது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

காலை எடுத்ததும் எஞ்சின் முன் சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது, எடை முன்னால் சரிகிறது. ஏற்கெனவே லேசான பின்பக்கத்துக்குத் தரையைப் பிடிக்கப் பாரம் போதவில்லை. மருந்து, காலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் மிதிப்பது! எடை பின்னால் போய் உட்காரும், முன் சக்கரங்கள் வண்டியை இழுத்து நேராக்கும். மூளைக்கு இது ஒரே நாளில் புரிந்தது. காலுக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று.

அதற்கு நேர் எதிரான தப்பையும் அந்தக் கார்தான் காட்டிக்கொடுத்தது. திருப்புவதும் அந்த முன் டயர்கள்தான், இழுப்பதும் அவைதான், பிரேக்கில் பெரும்பங்கைத் தாங்குவதும் அவைதான். தோசைக் கல்லையும் கல்லாவையும் ஒரே ஆள் பார்க்கிற கடை மாதிரி. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கல்லில் தோசை கருகும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைக் கவனித்திருக்கிறீர்களா? கையை எதிர்த்துக்கொண்டிருந்தது திடீரென்று லேசாகிவிடும். டயர் வழுக்குகிறது என்று அர்த்தம். புதிதாக வருகிற தம்பிகள் எல்லாரும் அப்போது இன்னும் திருப்புகிறார்கள். நானும் திருப்பினேன். கொஞ்சம் திருப்பத்தை விட்டுக்கொடுத்து, பெடலைத் தளர்த்தினால் பாரம் மறுபடி கைக்கு வரும். பிரேக்கை மெல்ல விட்டபடியே வளைவுக்குள் நுழைந்தால் மூக்கு தானாகவே உள்ளே திரும்புவதையும், இடது காலால் பிரேக் தொடுவதையும் இதே காரில்தான் கற்றேன். க்ளட்ச் மிதித்தே பழகிய கால், முதலில் பிரேக்கையும் அதே முரட்டுத்தனமாகத்தான் மிதித்தது. சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறது.

ஜிடி3-இல், பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. தப்பு செய்தாலும் பாதியை அது மூடி மறைத்துவிடும். மீதிப் பாதி சுவரில் போய் முடியும், பக்கத்துக் காரையும் சேர்த்துக்கொண்டு. சின்ன காரில் தப்பு மெதுவாக நடக்கிறது, முழுசாகத் தெரிகிறது.

‘அது பொம்மைக் கார்’ என்று கமிட்டியில் ஒருவர் சொன்னாராம். மாண்டே கார்லோ ராலியை 1964, 1965, 1967 என மூன்று முறை வென்ற மினி என்கிற குட்டிக் காரும் முன் சக்கர இழுவைதான். 1966-இலும் முதலில் வந்தது, முகப்பு விளக்கு விதியைக் காட்டி நீக்கிவிட்டார்கள். அவ்வளவு தூரம் ஏன், சென்னைக்குப் போகும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வருகிறதே, அந்தத் தடத்தில் போலோ கோப்பைக்காக ஓடிய ஃபோக்ஸ்வாகன் போலோக்களும் முன் சக்கர இழுவைக் கார்கள்தானே.

உங்கள் கஷ்டமும் புரிகிறது. ஜிடி3 என்று போஸ்டர் ஒட்டினால்தான் கூட்டம் வரும், வாடகை கட்ட வேண்டும். சரி, ஒட்டுங்கள். முதல் நான்கு வாரம் மட்டும் சின்ன கார், எல்லாருக்கும் ஒரே செட்டப், எந்த உதவியும் இல்லாமல். அதில் வண்டி சுழன்று திரும்பாமல் பத்து சுற்று ஓட்டியவருக்கு ஜிடி3 சாவி. ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் முதல் வாரமே தாண்டிவிடுவார்கள், அவர்களுக்கு நஷ்டமில்லை.

இந்த வாரக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். நான் வருவேன். அப்புறம், மூன்றாம் சீட்டின் பிரேக் பெடல் மறுபடி ஆடுகிறது. ஒரு ஸ்பேனர் எடுத்து வையுங்கள், நானே முடுக்கிவிடுகிறேன்.

அன்புடன்,
மூன்றாம் சீட்டுக்காரன்
அல்சூர், பெங்களூரு