மூன்றாவது மருந்துக்குக் காத்திருக்க வேண்டாம்

ஐயா,
தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரை, குழந்தைகளின் வலிப்புக்கு அறுவை சிகிச்சையைக் ‘கடைசி வழி’ என்கிறது. டியூபரஸ் ஸ்க்லரோசிஸ் என்ற மரபணுக் கோளாறில் இந்த எண்ணமே தாமதத்துக்குக் காரணமாகிறது. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று வலிப்பு மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு (ILAE) 2010-லேயே வரையறுத்துவிட்டது. இந்தக் கோளாறால் மூளையில் பல முடிச்சுகள் (இயல்பற்ற திசுத் திரள்கள்) இருந்தாலும், வலிப்பைத் தூண்டுவது பல நேரங்களில் ஒன்றிரண்டுதான். வீடியோ இஇஜி (குழந்தையைப் படம்பிடித்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை), எம்ஆர்ஐ இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முடிச்சைக் கண்டறிந்து அகற்ற வாய்ப்புண்டு.

பேச்சு உருவாகும் முதல் இரண்டு ஆண்டுகளில் ஓயாத வலிப்பு வளர்ச்சியைக் குலைக்கிறது. கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் அடுக்கடுக்காகத் தலை கவிழ்ந்து கைகளை விரிப்பதும் வலிப்பாக இருக்கலாம்; அதை ‘உரம் விழுந்தது’ என எண்ணி வாரக்கணக்கில் விட்டுவிடுவதும் இங்கே நடக்கிறது. இரண்டாவது மருந்தைத் தொடங்கும் நாளிலேயே வலிப்பு அறுவை சிகிச்சை மையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தருவதை அரசு மருத்துவமனைகள் வழக்கமாக்கலாம்.