சிவாவுக்கு, கயலின் கேள்வி பற்றி

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு முழுதாக மாறவில்லை, ஆனாலும் விடியவே எழும்பித் தானே பூ ஆய்ந்து சாமிக்கு வைக்கிறார். உன்னைப் பற்றிக் கேட்காத கிழமை இல்லை. உங்கள் பழைய வளவில் இப்போது இருக்கும் குடும்பம் கிணற்றுக்குப் புதுக் கட்டுக் கட்டியிருக்கிறது. வேம்பைத் தறிக்கவில்லை.

எனக்கு வழமை போல வகுப்புகள்தான். காலையில் பாடசாலை, பின்னேரம் வீட்டு விறாந்தையில் உயர்தரப் பிள்ளைகள். அதனால் கயலின் கேள்வியை வாசித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு முதலாம் வருடம், ஈருறுப்பு, புவசோன், செவ்வன் என்று பரம்பல்கள் (எந்தப் பெறுமானம் எந்த நிகழ்தகவோடு வரும் என்று சொல்பவை) வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்பார்க்கை, ஒரு மாறற்றிறன் (சராசரியிலிருந்து உள்ள வித்தியாசங்களை வர்க்கித்து எடுக்கும் சராசரி) பாடமாக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். "எதிர்பார்க்கை விளங்குகிறது, சராசரிதானே. மாறற்றிறன் எதற்கு? வித்தியாசத்தை ஏன் வர்க்கிக்க வேண்டும்?" என்று அவள் கேட்டாளாம். நல்ல கேள்வி. இதைக் கேட்காமலே சோதனை எழுதி ஏ எடுக்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

அவளுக்கு முதலில் பஸ் கணக்கைச் சொல். நாங்கள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை மினிபஸ்ஸுக்கு நின்ற காலம் உனக்கு நினைவிருக்கும். சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள். நேரம் பிசகாமல் 20 நிமிடத்துக்கு ஒன்று புறப்பட்டால், நேரம் பார்க்காமல் வந்து நிற்கிறவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். ஆனால் இ.போ.ச. என்ற அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகிற பாதையில் அப்படி நடக்காதே. ஓர் இடைவெளி 5 நிமிடம், அடுத்தது 35 நிமிடம், திரும்பவும் 5, திரும்பவும் 35 என்று வந்தால் சராசரி இடைவெளி அதே 20தான். காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்கும் மேலே போய்விடும். ஏனென்றால் ஒவ்வொரு 40 நிமிடத்திலும் 35 நிமிடம் நீண்ட இடைவெளிக்குள் கிடக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்குள்தான் அகப்படுவார்கள்.

இதற்கு ஓர் அழகான சூத்திரம் இருக்கிறது. காத்திருப்பின் எதிர்பார்க்கை, சராசரி இடைவெளியின் பாதியோடு, மாறற்றிறனைச் சராசரியின் இரு மடங்கால் பிரித்து வருவதைக் கூட்டியது. நமது கணக்கில் இடைவெளி சராசரியிலிருந்து எப்போதும் 15 நிமிடம் விலகி நிற்கிறது, ஆகவே மாறற்றிறன் 225. அதை 40ஆல் பிரித்தால் 5.625, பாதியான 10ஐக் கூட்ட 15.625. பஸ்கள் முற்றிலும் எழுமாற்றாக, அடுக்குக்குறிப் பரம்பலின்படி வந்தால் மாறற்றிறன் 400 ஆகும், காத்திருப்பு முழு 20 நிமிடம். எதற்கு வர்க்கிப்பது என்ற கேள்விக்கு இங்கேயே பாதி மறுமொழி இருக்கிறது. வெயிலில் நிற்கிற சனத்தின் நேரத்தை அளக்கப் போனால், அந்த வர்க்கம் நாங்கள் கூப்பிடாமலே கணக்குக்குள் வந்துவிடுகிறது.

மற்றப் பாதி, கூட்டலில் இருக்கிறது. ஒன்றையொன்று சாராத மாறிகளைக் கூட்டினால் அவற்றின் மாறற்றிறன்களும் அப்படியே கூடும். மாறற்றிறனின் வர்க்கமூலமான நியம விலகல் அப்படிக் கூடாது, சராசரி விலகலும் கூடாது. வர்க்கம்தான் கூடும். 1733இல் டி மோவர் என்ற கணிதவியலாளர் ஈருறுப்புப் பரம்பலிலிருந்து செவ்வன் வளைகோட்டுக்கு வழி கண்டார்; அந்த வளைகோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பதும் இந்தக் கூட்டல்தான். எதிர்பார்க்கை மட்டும் சாருகிறதா சாரவில்லையா என்று பார்ப்பதே இல்லை, எப்போதும் கூடும். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். நூறு விஷயங்கள் தனித்தனியே நடக்கின்றனவா, எல்லாம் சேர்ந்து ஒன்றாக நடக்கின்றனவா என்று எதிர்பார்க்கையிடம் கேட்டால் அது வாய் திறக்காது. மாறற்றிறன் சொல்லிவிடும். கயலுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

இதை நம்ப வைக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. உனக்கும் எனக்கும் அது வெறும் கணக்காகப் படாது, ஆனாலும் எழுதுகிறேன். 1944இல் லண்டன் மேல் ஜேர்மனியர் வி-1 பறக்கும் குண்டுகளை ஏவினார்கள். குண்டுகள் சில இடங்களில் குவிந்து விழுகின்றன, குறி வைத்துத்தான் அடிக்கிறார்கள் என்று சனம் பேசியது. ஆர். டி. கிளார்க் என்ற காப்புறுதிக் கணிப்பாளர் தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீற்றரைக் கால் சதுர கிலோமீற்றர் அளவான 576 துண்டுகளாகப் பிரித்து எண்ணினார். 1946இல் அதை வெளியிட்டார். விழுந்தவை 537 குண்டுகள். ஒன்றுமே விழாத சதுரங்கள் 229; குண்டுகள் முற்றிலும் எழுமாற்றாக விழுந்தால் புவசோன் பரம்பல் சொல்வது ஏறத்தாழ 227. ஒரே ஒரு குண்டு விழுந்தவை 211. பரம்பல் சொல்வதும் 211. ஒரு சதுரத்தில் மட்டும் ஏழு விழுந்திருந்தன. அந்த எண்களை வைத்து நானே போட்டுப் பார்த்தேன்: சராசரி 0.93, மாறற்றிறன் 0.97. புவசோனில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும், இங்கே அநேகமாகச் சமம். உண்மையில் குவிந்து விழுந்திருந்தால் சராசரி மாறாமல் மாறற்றிறன் மட்டும் எகிறியிருக்கும். குவியல் போலக் கண்ணுக்குத் தெரிந்தது எழுமாற்றின் இயல்பு.

எறிகணை எந்த ஒழுங்கையில் விழாது, எந்தக் கோயிலடி பாதுகாப்பு என்று போர்க் காலத்தில் எங்கள் பெரியவர்கள் பங்கருக்குள் இருந்து கணித்ததை யோசித்துப் பார். இங்கே விழுந்தவையும் அப்படித்தான் விழுந்தன என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சதுரம் போட்டு எண்ணியவர் யாருமில்லை, ஏவியவர்களுக்கு இலக்குகளும் இருந்தன. ஆனால் இரண்டு மூன்று எறிகணைகள் விழுந்த இடத்தை வைத்து ஒரு முறையைக் கண்டுபிடிக்கும் அந்தத் தவிப்பை லண்டன்காரரிடமும் காணும்போது மனம் என்னவோ செய்கிறது.

இதே சோதனையை டெங்குவுக்கும் போடலாம். கிராம சேவகர் பிரிவு வாரியாக நோயாளர் எண்ணிக்கையை எடுத்து, மாறற்றிறனைச் சராசரியால் பிரித்தால், ஒன்றுக்கு அண்மையில் வருகிறதா, மூன்று நான்கு என்று போகிறதா? பிரிவுகளின் சனத்தொகை கிட்டத்தட்டச் சமமாக இருந்து, விகிதம் பெரிதாக வந்தால், எங்கோ ஒரு குடம், ஒரு ரயர், ஒரு மூடாத தொட்டி பலருக்குச் சேர்த்து நோய் கொடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். என் மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை உடனே தன் ஒழுங்கையின் பெயரைச் சொன்னாள்.

இப்போது வெங்காயம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களை நீ மறந்திருக்க மாட்டாய். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் வெங்காயம் அழுகிவிடும், போட்ட காசு போய்விடும். நூறு தோட்டக்காரர் சேர்ந்து ஒரு நிதி வைக்கிறார்கள் என்று எடு. ஒவ்வொருவரும் தன் தோட்டத்தில் ஒரு லட்சம் ரூபா போட்டிருக்கிறார். ஒரு போகத்தில் ஒருவருக்கு முழு நட்டம் வரும் நிகழ்தகவு 0.1. எதிர்பார்க்கை பத்துப் பேர், பத்து லட்சம். நட்டங்கள் சாராதவையாக இருந்தால் ஈருறுப்புப் பரம்பல்: மாறற்றிறன் 100 × 0.1 × 0.9 = 9, நியம விலகல் மூன்றே பேர். நிதியில் பதினாறு லட்சம் இருந்தால் நூறு போகத்தில் 97க்கு மேல் தாங்கும். கூட்டுறவின் பலம் முழுவதும் இந்தச் சின்ன மூன்றுக்குள் இருக்கிறது.

ஆனால் மழை ஆளுக்கு ஆள் பார்த்துப் பெய்வதில்லையே. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது யாருடைய தோட்டம் தப்பியது? எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் மாறற்றிறன் 900, நியம விலகல் முப்பது பேர். எதிர்பார்க்கை இன்னும் அதே பத்துத்தான்! ஒன்பது போகம் நிதியைத் தொடவே தேவையில்லை, பத்தாவதில் ஒரு கோடி வேண்டும். நடைமுறை இந்த இரண்டுக்கும் இடையில்தான். எந்த இரு தோட்டத்துக்கும் இடையிலான இணைபுக் குணகம் (நட்டங்கள் எவ்வளவு சேர்ந்து வருகின்றன என்ற அளவு; சாராவிட்டால் 0, முற்றாகச் சேர்ந்தால் 1) வெறும் 0.2 என்றாலும் மாறற்றிறன் 9 × (1 + 99 × 0.2) = 187.2, நியம விலகல் ஏறக்குறைய 13.7. மூன்று பதினான்காகிவிட்டது. 0.2 என்பது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய தொடர்புகூட இல்லை. நிதி வைக்கிறவர்கள் சராசரியை மட்டும் பார்த்துச் சந்தா குறிப்பதைக் காணும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. 1842இல் ஹம்பேர்க் நகரம் தீப்பற்றி எரிந்தபோது உள்ளூர்க் காப்புறுதியின் கையிருப்பு போதாமல் போனதும் இதனால்தான். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சாரா நிகழ்ச்சிகள் அல்ல. அதற்குப் பிறகுதான் ஜேர்மனியில் தனி மீள்காப்புறுதிக் கம்பனி (காப்புறுதிக் கம்பனிகளுக்கே காப்புறுதி கொடுப்பது) ஒன்று, 1846இல் கொலோன் நகரில் தோன்றியது. நம்மவர்களும் நிதி வைப்பதென்றால் உரும்பிராயோடு நிற்காமல் வன்னி, மன்னார், தெற்கே தம்புள்ளைத் தோட்டக்காரரையும் சேர்க்க வேண்டும் என்று சங்கத்தில் ஒருவரிடம் கதைத்தேன். கவனமாகக் கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு வந்து கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார், போவேன்.

கயலுக்கு ஒரு கணக்குத் தருகிறேன், நீ உதவாதே. நல்லூர்த் திருவிழாவில் வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன n பேர், திரும்பி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு சோடி எடுத்துக்கொண்டு போகிறார்கள். தங்கள் சொந்தச் செருப்பே கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்பதன் எதிர்பார்க்கை என்ன? பத்துப் பேருக்கும் பத்தாயிரம் பேருக்கும் விடை ஒன்றே என்று காட்டட்டும். பிறகு மாறற்றிறன். இங்கே நிகழ்ச்சிகள் சாராதவை அல்ல, ஒருவருக்குத் தன் செருப்புக் கிடைத்தால் மற்றவருக்குக் கிடைக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடும், ஆகவே சும்மா கூட்ட முடியாது; இரண்டிரண்டு பேராக எடுத்துப் பார்க்க வேண்டும். விடை வந்ததும் எந்தப் பரம்பல் நினைவுக்கு வருகிறது என்றும் எழுதச் சொல். மொன்மோர் என்ற பிரெஞ்சுக்காரர் 1708இலேயே சீட்டு விளையாட்டாக இதை ஆராய்ந்திருக்கிறார். அதைத் தேடி வாசிப்பது கணக்கைப் போட்ட பிறகு இருக்கட்டும்.

அவளுடைய விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன். கொடியேற்றத்துக்கு வருவதென்றால் முன்கூட்டியே சொல். மேல் அறையைத் துப்புரவாக்கி வைக்க வேண்டும். வரும்போது அம்மாவுக்கு முழங்காலுக்குப் பூசும் அந்த மருந்து இரண்டு குழாய் வாங்கி வா, போன முறை நீ தந்தது நன்றாகக் கேட்டதாம்.

அன்புடன்,
ரகு
யாழ்ப்பாணம்